கண்டிப் பிரதேசத்திற் கூட்டுடைமைக் காணிகளும் பிரிவிடற் சட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

கண்டி இராச்சியத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அரசரையும் பிரதானிகளையும், போர்களையும் உடன்படிக்கைகளையுமே முதன்மைப்படுத்தினர். யட்டிநுவரையிலோ தும்பறையிலோ ஒரு தந்தை இறந்தபின் அவரது வயலைப் பிள்ளைகள் எவ்வாறு தமக்குள் வகுத்துக்கொண்டனர் என்ற வினா வரலாற்று நூல்களின் ஓரங்களிலேயே நின்றுவிட்டது. ஆயினும் அரசு மாறிய காலத்தில் குடியானவன் தன் வாழ்விலே நேரடியாக உணர்ந்த மாற்றங்களுள் முக்கியமானது நிலவுரிமை பற்றிய மாற்றமே. ஒரு காணியிற் பலருக்குப் பங்கிருந்து, அவர்களிடையே பிணக்கு எழுந்தால் அதனைத் தீர்க்கும் வழி யாது? இவ்வினாவுக்கு மன்னர் காலமும் பிரித்தானியர் காலமும் சுதந்திர இலங்கையும் வெவ்வேறு விடைகளை அளித்துள்ளன. அவ்விடைகளைக் கால வரன்முறைப்படி நோக்கி, அவற்றால் நன்மையடைந்தோர் யார், இழந்தோர் யார் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னர் காலத்து நிலப்பங்கு

கண்டியக் கிராமத்திலே ஒரு குடும்பத்தின் பரம்பரைக் காணி ‘பரவேணி’ எனப்பட்டது. சேற்று வயல், மேட்டுத் தோட்டம், சேனை நிலம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அவ்வுடைமை முழுமை பெற்றது. வயலின் அளவு அதில் விதைக்கப்படும் நெல்லின் அளவாற் கூறப்பட்டது. 10 லாக ஒரு பேல, 4 பேல ஓர் அமுணம். நிலத்தின் பரப்பைக் காட்டிலும் அது தரும் பயனே அளவுகோலாக விளங்கியமை கவனிக்கத்தக்கது.

தந்தைக்குப்பின் பிள்ளைகள் சம பங்கினராயினும், நிலத்தைத் துண்டாடுவது கட்டாயமாக இருக்கவில்லை. இதற்கெனத் ‘தட்டுமாறு’ என்னும் வழக்கம் இருந்தது. இதன்படி பங்காளர் வயல் முழுவதையும் முறைவைத்து ஆண்டுக்கு ஒருவராகச் செய்கை பண்ணினர். இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 2 ஏக்கர் வயலுக்கு நான்கு சகோதரர் உரித்தாளராயின் ஒவ்வொருவருக்கும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வயல் முழுவதும் கிடைக்கும். அவருள் ஒருவர் மூன்று மைந்தரை விட்டிறந்தால் அம்மைந்தர் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அது வந்துசேரும். அதே பங்கை வரம்பு கட்டிப் பிரித்திருப்பின் அவனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 27 பேர்ச் நிலமே. மலைச்சரிவிற் படிப்படியாக அமைந்த வயல்களில் வரம்பும் வாய்க்காலும் போக எஞ்சுவது இன்னும் குறையும். மேற்படியிலுள்ளவன் நீரை மறித்தாற் கீழ்ப்படியிலுள்ளவன் பங்கு பயனற்றுப்போகும். ‘கட்டிமாறு’ என்னும் பிறிதொரு வழக்கத்தில் வயல் கூறுகளாக வகுக்கப்பட்டு, பங்காளர் கூறுகளை மாற்றி மாற்றிச் செய்கை பண்ணினர். நல்ல மண்ணும் தீய மண்ணும் இவ்வாறு எல்லோருக்கும் சமமாக வந்தன. இப்பெயர்களிலுள்ள ‘மாறு’ என்னும் கூறு தமிழ்ச் செவிக்கும் அந்நியமானதன்று.

குடும்ப அமைப்பும் நிலம் சிதறாமற் காத்தது. ‘தீக’ முறையில் மணமுடித்துக் கணவன் வீடு சென்ற மகள் தந்தையின் பரவேணியில் தன் பங்கை இழந்தாள். ‘பின்ன’ முறையிற் கணவனைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டவள் பங்கைப் பேணினாள். தீக முறையிற் சென்றவளும் மூல வீட்டோடு தொடர்பறாது திரும்பி வந்தால் உரிமையை மீளப்பெற இடமிருந்தது. சகோதரர் இருவர் ஒரு மனைவியோடு ஒரே இல்லத்தில் வாழும் வழக்கமும் சில இடங்களில் நிலவியது. அவர்தம் பிள்ளைகள் ஒரே குடும்பத்தின் உரித்தாளராகவே கொள்ளப்பட்டமையால் நிலம் பிரியாது நின்றது. பங்குரிமை என்பது வீட்டோடும் உறவோடும் இணைந்த ஒன்றாகவே இருந்தது.

பிணக்குகள் எழாமல் இருக்கவில்லை. கிராமத்து முதியோர் கூடிய கம்சபாவை எல்லை, நீர், பங்கு பற்றிய வழக்குகளை விசாரித்து இணக்கம் செய்தது. பெரிய வழக்குகள் பிரதானிகளிடமும், ஈற்றில் அரசனிடமும் சென்றன. வென்றவருக்கு நிலவுரிமையை உறுதிசெய்யும் ‘சிட்டு’ வழங்கப்பட்டது. இதுவும் நம் ‘சீட்டு’ என்னும் சொல்லை நினைவூட்டும். சாட்சியங்கள் சமநிலையில் நின்றவிடத்துச் சத்தியமும் கொதியெண்ணெய்ச் சோதனையும் கையாளப்பட்டன. இம்முறையைப் பொற்காலமெனக் கொண்டாடுதல் பொருந்தாது. பிரதானிகளின் செல்வாக்கும், தீக முறையிற் சென்ற பெண்ணின் இழப்பும் அதன் குறைகளாகும். ஆயினும் பங்காளன் ஒருவன் பிணங்கினான் என்பதற்காக வயலையே விற்றுப் பணமாக்குதல் அம்முறையின் இயல்பான தீர்வாக இருக்கவில்லை.

ஆங்கிலேயரின் வருகையும் பிரிவிடற் கட்டளைச்சட்டமும்

1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி மகுல் மடுவவிற் கைச்சாத்தான உடன்படிக்கை, நாட்டின் சட்டங்களையும் வழக்காறுகளையும் பேணுவதாக வாக்களித்தது. கண்டியில் வதிவிடப் பிரதிநிதியாக இருந்த ஜோன் டொயிலியும், நீதி ஆணையாளர் சைமன் சோயர்சும், பின்னர் ஆமரும் கண்டியச் சட்டத்தைக் கேட்டறிந்து எழுத்தில் வடித்தனர். இவ்வாறு பதியப்பட்ட சட்டத்தில், யார் உரித்தாளர் என்னும் பகுதி விரிவாக இடம்பெற்றது. உரித்தாளர் பலர் தமக்குள் எவ்வாறு ஒத்து வாழ்ந்தனர் என்னும் பகுதி சுருங்கியது. வழக்காற்றின் உயிர் வாய்மொழியில் இருந்தமையால் அது ஏடுகளில் முழுமையாக ஏறவில்லை எனலாம்.

1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் கண்டி மாகாணங்களின் தனி நீதிமுறையை ஒழித்து, தீவு முழுவதற்கும் ஒரே மாவட்ட நீதிமன்ற அமைப்பை ஏற்படுத்தியது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், கண்டியச் சட்டம் மௌனம் சாதிக்குமிடத்துக் கரையோர மாகாணங்களின் சட்டத்தைப் பின்பற்றுமாறு விதித்தது. கரையோரச் சட்டமென்பது உரோமன் டச்சுச் சட்டமே. எவரையும் அவர் விருப்பத்துக்கு மாறாகக் கூட்டுடைமையில் நிறுத்திவைக்கலாகாது என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. பங்காளன் தன் பிரிபடாத பங்கைப் பிறர் இசைவின்றியே அந்நியனுக்கு விற்கலாம் என்பதும் அதன் விதி. வரம்புகளும் வேலிகளும் கொண்ட தனியுடைமையை இயல்பெனவும், கூட்டுடைமையை அதிலிருந்து வழுவிய இடைக்கால நிலையெனவும் கருதும் சிந்தனையிற் பிறந்த விதிகள் இவை.

இச்சிந்தனை சட்டவடிவம் பெற்றது 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் கட்டளைச்சட்டத்திலாகும். அதனை நீக்கி 1863ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் நிலைத்தது இதுவே. காலச் சூழலை நோக்கின் இதன் பொருள் விளங்கும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறற் கட்டளைச்சட்டம் சேனைகளையும் காடுகளையும் அரசின் பிடிக்குள் கொணர்ந்தது. கோப்பித் தோட்டங்கள் கண்டி மலைகளிற் பரவின. தெளிவான எல்லையும் ஒற்றை உரித்தாளனும் உள்ள காணியையே முதலீட்டாளன் விரும்பினான். 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கண்டிய விவாகக் கட்டளைச்சட்டம் கூட்டு மணத்தைச் செல்லுபடியற்றதாக்கியது. நிலத்தை ஒன்றாக வைத்திருந்த குடும்ப அமைப்பைத் தளர்த்திய சட்டமும், நிலத்தைத் துண்டாட வழிசெய்த சட்டமும் இருபது ஆண்டுக்குள் அடுத்தடுத்து வந்தன.

பங்கு விலைப்பொருளாதல்

1863ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி, எவ்வளவு சிறிய பங்குடையவனும் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். பிரித்தல் இயலுமாயின் நில அளவையாளர் காணியைப் பங்குகளுக்கேற்ப வகுப்பார். பிரித்தல் இயலாததாயின் காணி மதிப்பிடப்பட்டு முதலிற் பங்காளரிடையே விலைகூறப்படும். அவர்களுள் எவரும் மதிப்பீட்டு விலைக்கு வாங்காவிடின் பகிரங்க ஏலத்துக்குச் செல்லும். வழக்குச் செலவு பங்கு விகிதத்தில் அனைவர் மீதும் விழும்.

பார்வைக்கு நடுநிலையான இந்நடைமுறை, பணமில்லாத கிராமத்திற் செயற்பட்ட விதம் வேறாக இருந்தது. கடன்பட்ட பங்காளன் ஒருவனிடமிருந்து வெளியார் ஒருவர் பன்னிரண்டிலொரு பங்கை வாங்குகிறார் எனக் கொள்வோம். உறுதி எழுதிய கணமே அவரும் பங்காளராகிவிடுகிறார். வழக்கிடுகிறார். வயல் பிரிக்க முடியாததென முடிவாகிறது. பங்காளரிடையே நடைபெறும் முதல் விற்பனையில் அவரும் விலைகூற உரிமையுடையவர். கையிற் பணமுள்ளவரும் அவரே. எஞ்சிய பதினொரு பங்கினரும் தம் தந்தையின் வயலைக் கைவிட்டு, செலவு போக மிஞ்சிய சில்லறையைப் பெற்று வெளியேறுகின்றனர். சட்டம் மீறப்படவில்லை, ஆயின் அதன் துணையால் ஒரு குடும்பம் நிலமற்றதாயிற்று.

பிறநாட்டு ஒப்பீடுகள் இவ்விடத்தில் தெளிவுதரும். யாழ்ப்பாணத்துத் தேசவழமை, 1706ஆம் ஆண்டளவில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தபோதே, காணியை விற்க விரும்புவோன் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டுமென்னும் முற்கொள்வனவு உரிமையைக் கொண்டிருந்தது. பின்னர் 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அதனை ஒழுங்குபடுத்தியது. கண்டியச் சட்டத்துக்கென இதுபோன்றதொரு கட்டளைச்சட்டம் இயற்றப்படவில்லை. பிரித்தானிய இந்தியாவில் 1893ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டம், பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டிற் பங்கு வாங்கிய அந்நியன் பிரிவினை கோரி வழக்கிட்டால், குடும்பத்தவர் ஒருவர் மதிப்பீட்டு விலைகொடுத்து அவனை விலக்க வழிசெய்தது. ஒரே பேரரசின் ஆட்சியில், கடலுக்கு அப்பால் குடும்ப வீட்டுக்கு அளிக்கப்பட்ட இக்காவல் கண்டியக் குடும்பத்துக்குக் கிட்டவில்லை.

இல்லாதவரின் உரிமை

இச்சட்டத்தின் கூர்மையான முனை அதன் 9ஆம் பிரிவாகும். பிரிவிடல் வழக்கின் தீர்ப்பாணை, வழக்கிற் கலந்துகொண்டோரை மட்டுமன்றி, அனைத்துலகையும் கட்டுப்படுத்தும். வழக்கிற் பெயர் குறிப்பிடப்படாது விடுபட்ட பங்காளனுக்கு எஞ்சியது நட்டஈடு கோரும் உரிமையொன்றே, காணி மீளாது. உரித்துப் பற்றிய ஐயங்களை ஒரேயடியாகத் தீர்ப்பது இவ்விதியின் நோக்கம். ஆயின் விடுபடக்கூடியவர் யாவர்? வேற்றூரிற் பிழைப்புத் தேடிச் சென்றவர், தீக முறையிற் சென்று பின் விதவையாய் மூல வீடு திரும்பிய பெண், எழுத்தறியாதவர், பராயமடையாத பிள்ளை ஆகியோரே. தட்டுமாறு முறையிற் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வயலில் இறங்குபவர், இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்த வழக்கை அறியாதிருத்தல் இயல்பே.

இவ்வாபத்தை உயர் நீதிமன்றம் உணராமல் இல்லை. பீரிஸ் எதிர் பெரேரா (1896) வழக்கிலும், மாதர் எதிர் தாமோதரம்பிள்ளை (1903) வழக்கிலும் ஒரு கோட்பாடு வலியுறுத்தப்பட்டது. பிரிவிடல் வழக்கு வாதிக்கும் பிரதிவாதிக்கும் இடைப்பட்ட தனிவிடயமன்று. தீர்ப்பு அனைவரையும் கட்டுப்படுத்துவதால், தரப்பினர் ஒத்துக்கொண்டாலும் நீதிபதி உரித்தைத் தாமே ஆராய்தல் வேண்டும் என்பதே அது.

மற்றோர் அபாயம் நெடுங்கால ஆட்சியால் எழுந்தது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி, பத்தாண்டு இடையறாது எதிரிடையாக ஆண்டவருக்குக் காணி உரித்தாகும். அவ்வாறாயின் ஊரில் தங்கிய சகோதரன் பத்தாண்டில் முழுக் காணிக்கும் உரியவனாவானா? கொறயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் 1911இற் கோமறைக் கழகம் இதற்கு விடையளித்தது. ஒரு பங்காளனின் ஆட்சி பங்காளர் அனைவரின் ஆட்சியாகவே கருதப்படும். ஏனையோரை வெளிப்படையாக விலக்கினாலன்றி அவன் மனத்துள் மறைத்த எண்ணத்தால் அவ்வியல்பு மாறாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 1918இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கு, மிக நீண்டகாலத் தனியாட்சியும் ஏனைய சூழ்நிலைகளும் சேருமிடத்து அத்தகைய விலக்கலை ஊகித்துக்கொள்ளலாம் எனக் கூறி அவ்விதியைச் சற்றுத் தளர்த்தியது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையிலேதான் இன்றும் பல கண்டியக் குடும்பங்களின் வழக்குகள் ஊசலாடுகின்றன. 1911ஆம் ஆண்டுத் தீர்ப்பு, சொற்களால் உரோமன் டச்சுச் சட்டத்தையும் ஆங்கிலச் சட்டத்தையும் சார்ந்ததாயினும், முறைவைத்துப் பயிரிட்ட பங்காளரின் பழைய நம்பிக்கைக்கு அதுவே அரணாயிற்று.

சுதந்திரத்தின் பின்

கண்டியக் குடியானவரின் நிலையை ஆராய 1949இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு 1951இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதே ஆண்டில் 16ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டம் பழைய கட்டளைச்சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. நிலமின்மையின் வேர்களை நம் பல்கலைக்கழகமும் தேடியது. பாத்த தும்பறையில் நடத்திய ஆய்வை என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் 1957இல் ‘சிதையும் கிராமம்’ எனப் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டனர். நிலத்துக்கும் உறவுமுறைக்கும் உள்ள பிணைப்பைத் தம்பையா தொடர்ந்து ஆராய்ந்தார். யாழ்ப்பாணத் தமிழரின் சட்டங்களைப் பற்றி எழுதிய நீதியரசர் எச். டபிள்யூ. தம்பையா, 1968இற் சிங்களச் சட்டங்களையும் வழக்காறுகளையும் பற்றியும் நூலெழுதினார். கண்டிய நிலவழக்காற்றின் ஆய்வுக்குத் தமிழறிஞர் இருவர் ஆற்றிய பணி நம் சங்கத்தவர் பெருமையோடு நினைக்கத்தக்கது.

1970களின் நீதி நிருவாகச் சீர்திருத்தங்களையடுத்து, 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டம் வந்தது. திருத்தங்களோடு நடைமுறையிலிருப்பது அதுவே. இதன்படி வழக்காளி தம் முறைப்பாட்டோடு வம்சாவளியையும் சமர்ப்பித்தல் வேண்டும். வழக்கு நிலுவையிலுள்ளமை காணிப் பதிவகத்திற் பதியப்படும். முதனிலை அளவையின்போது காணியில் உரிமை கோருவோர் அறியப்பட்டு அவர்களுக்கும் அறிவித்தல் அனுப்பப்படும். விசாரணையின் பின் பங்குகளைத் தீர்மானிக்கும் இடைக்காலத் தீர்ப்பாணையும், காணி வகுக்கப்பட்டபின் இறுதித் தீர்ப்பாணையும் பிறப்பிக்கப்படும். தீர்ப்பின் முடிவான தன்மை 48ஆம் பிரிவில் நீடிக்கிறது. ஆயினும் அழைப்பாணை கிடைக்கப்பெறாதவர், உரிய பிரதிநிதித்துவம் பெறாத பராயமடையாதவர் போன்றோர் குறித்த காலத்துக்குள் நீதிமன்றத்தை நாட வழியுண்டு. 1863இல் திறந்துவிடப்பட்ட பிழை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் பகுதியளவில் அடைக்கப்பட்டது.

இன்றுள்ள வழிகள்

இவ்வரலாற்றின் ஒளியில், பங்காளர் முன்னுள்ள வழிகளை மதிப்பிடலாம். முதலாவது, அனைவரும் இசைந்து நொத்தாரிசு முன்னிலையில் எழுதும் பிரிவிடல் உறுதி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் காணிக் கைமாற்றத்துக்கு இவ்வடிவத்தையே வேண்டுகிறது. வாய்ப்பேச்சாற் பிரித்தவர் பிற்காலத்திற் பத்தாண்டுத் தனியாட்சியை நிரூபிக்க நேரிடும். செலவிற் குறைந்ததும் உறவைக் காப்பதும் இவ்வழியே; ஆனால் ஒருவர் மறுத்தாலும், ஒருவர் விடுபட்டாலும் அது நிலைக்காது.

இரண்டாவது இணக்க முறை. கம்சபாவையின் நினைவை 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச்சட்டமும், 1958ஆம் ஆண்டின் இணக்கச் சபைகள் சட்டமும், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டமும் வெவ்வேறு வடிவிற் புதுப்பித்தன. மத்தியஸ்த சபை உரித்தைத் தீர்மானிக்கும் நீதிமன்றமன்று; மனங்களை இணைக்கும் களம். இணக்கத்தின் பின்னும் உறுதி எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது, கைகலப்பு அச்சம் எழுமிடத்து 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. அது அப்போதைய ஆட்சியை மட்டும் காத்து அமைதியை நிலைநாட்டும். பங்கு யாருக்கு என்ற வினாவைத் தொடாது. இறுதியானது பிரிவிடல் வழக்கு. பங்காளர் மரபுவழிச் சட்டம் கண்டியச் சட்டமாயினும், முஸ்லிம் சட்டமாயினும், மலையகத் தமிழருக்குரிய பொதுச் சட்டமாயினும், வழக்கிடும் வாயில் ஒன்றே. உறுதியான தீர்வைத் தருவது அது. ஆயின் தரப்பினர் இறந்து அவர்தம் பிள்ளைகள் அவ்விடத்தில் நிற்கும்வரை நீள்வதும் உண்டு. கண்டி நகரைச் சூழ்ந்த பகுதிகளில் நிலவிலை ஏறியுள்ள இன்று, வீடு கட்டப் போதாத துண்டுகளாகக் காணி சிதைவதும், அதனைத் தவிர்க்க விற்பனைக் கட்டளை பிறப்பதும் பழைய அச்சத்தை மீண்டும் எழுப்புகின்றன.

முடிவுரை

கூட்டுடைமை நாட்டுக்குக் கேடு என்று கருதிய சட்டம் அதற்குத் தந்த மருந்து, நோயிலும் கடுமையாக அமைந்த காலமொன்று இருந்தது. பங்கு என்பதை வெட்டியெடுக்கத்தக்க துண்டாக மட்டும் கண்டமையே அதன் அடிப்படைத் தவறு. முறைவைத்துப் பயிரிடும் வழக்கத்துக்கு இன்று முழுமையாகத் திரும்புதல் இயலாது. மக்கள் தொகையும் பணப் பொருளாதாரமும் அதனை அனுமதியா. பிரித்துத் தீரவேண்டிய காணிகளும் பல உள. ஆயின் அந்நியன் பங்கு வாங்கிய குடும்ப வீட்டை மதிப்பீட்டு விலைக்கு மீட்கக் குடும்பத்தவருக்கு முதலுரிமை அளிக்கும் விதியொன்றை நம் சட்டத்திற் சேர்ப்பது கடினமானதன்று. தேசவழமையும் 1893ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் அதற்கு முன்மாதிரிகளாக உள்ளன.

வரலாற்று மாணவருக்கும் இங்கு ஒரு பணி காத்திருக்கிறது. பிரிவிடல் வழக்கேடு ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வம்சாவளியையும், மண உறவையும், கடனையும், காணியின் வரைபடத்தையும் தன்னகத்தே கொண்டது. அரச ஆவணங்கள் பேசாத குடியானவனும் பெண்ணும் அவ்வேடுகளிற் சாட்சிகளாக நின்று பேசுகின்றனர். கண்டியின் நிலவரலாறு எழுதப்படுமாயின், வழக்கில் வென்றவர் பெயரோடு, பட்டியலில் விடுபட்டவரையும் தேடிச் சேர்த்தெழுதுவதே அதன் முதற் கடமையாகும்.